வேலூருக்கு ஜோடியாக வருகிறவர்களுக்கு: கோட்டைக்கு அரை நாள் கொடுங்கள்

கல்யாண நாள், நீண்ட வார இறுதி என்று இரண்டு நாள் வேலூர் வந்து கலையும் ஊரும் பார்க்க நினைக்கும் தம்பதிகள் கேட்ட கேள்விகள் இவை. கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், சிற்பம் பார்க்க வருகிறவர்களோடு சேர்ந்து நடப்பவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: அக்கா, பொற்கோயில் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு மேல் வேலூரில் என்னம்மா இருக்கிறது என்கிறார் மாமியார்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்காகவே வரலாம். கோட்டைக்குள் போய்க் கோபுர வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்புங்கள். முன்வரிசைத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும், மேலே வீரர்கள். கடிவாளம், சேணத்தின் மணி, வீரனின் மீசை வரை உளியால் தொட்டிருக்கிறார்கள். எல்லோரும் இங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். விதானத்தின் நடுவில் விரிந்த பூ, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கல்லில் இவ்வளவு மென்மை எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக அமைந்த சிற்பத்தையும் தேடுங்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறு பக்கத்தை மறைத்தால் யானை. ஒருவர் கையால் மறைக்க, மற்றவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இரண்டு பேராக வருவதில் இது ஒரு வசதி.

காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கலின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

இந்தக் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் ஆனது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். அதனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இந்தக் கோயிலில் பூஜை மணி கேட்காத காலமும் நினைவிருக்கிறது.

ஓசூரிலிருந்து: என் வீட்டுக்காரருக்குக் கோயில் என்றால் பொறுமை இல்லை. சரித்திரம் என்றால் காது கொடுப்பார்.

அப்படியென்றால் அகழியை ஒட்டி மதில் மேல் நடந்துகொண்டே 1806 ஜூலை 10ஐச் சொல்லுங்கள். தாடி கூடாது, நெற்றியில் குறி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவால் கொதித்த சிப்பாய்கள் விடியும் முன் எழுந்தது இந்தக் கோட்டையில்தான். 1857 மீரட் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு ஐம்பது ஆண்டுகள் முந்தியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே அடக்கிவிட்டது. அப்போது திப்புவின் குடும்பத்தாரும் இங்கேதான் காவலில் இருந்தார்கள்.

அப்புறம் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் அவர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு மண்டபத்துக்குப் போங்கள், மனசில் நிற்கும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

திருவண்ணாமலையிலிருந்து: பொற்கோயிலுக்கு எந்த நேரம் நல்லது?

மாலை. விளக்கு ஏற்றிய பிறகு தங்கத் தகட்டு வேலைப்பாடு நன்றாகத் தெரியும். நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும், செல்போனை உள்ளே விடமாட்டார்கள். அரைக்கால் சட்டை வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே போக ஆசை. ஏலகிரி எல்லோரும் சொல்கிறார்கள். கூட்டமில்லாத இடம் ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

வள்ளிமலையும் மேல்பாடியும். காட்பாடியிலிருந்து வடக்கே கார் எடுத்தால் அரை நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். வள்ளிமலை என்றால் முருகன், வள்ளி என்றுதான் எல்லோரும் ஏறுவார்கள். அதே மலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் இருப்பதைப் பலர் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். பூசாரியிடமோ படிக்கட்டில் பூ விற்கிற அம்மாவிடமோ வழி கேளுங்கள்.

மேல்பாடி பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசர் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இருக்கிறது. எதிரிலேயே சோமநாதீஸ்வரர் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் இவ்வளவு சிறிய கோயிலையும் எடுத்திருக்கிறார் என்று நேரில் பார்க்கும்போது அவர் மேல் தனி அன்பு வருகிறது. தண்ணீர், சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள்.

வெயிலில் மலை ஏற முடியாது என்றால் விரிஞ்சிபுரம் போங்கள், பெங்களூர் சாலையிலேயே வரும். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று சொல்வது சும்மா இல்லை. உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடத்தில் மணி தெரியும்.

காஞ்சிபுரத்திலிருந்து: வாங்கிப் போக, சாப்பிட?

சென்னைப் பக்கம் திரும்புகிறவர்கள் ஆற்காட்டில் மக்கன்பேடா வாங்குங்கள், உள்ளே முந்திரி, திராட்சை எல்லாம் வைத்திருப்பார்கள். பிரியாணிக்கு ஆம்பூர் வரை போகிறவர்கள் போகலாம், சீரகசம்பா அரிசியும் கூட வைக்கும் கத்தரிக்காயும் தனி ருசிதான். ஆனால் அதற்காகக் கோட்டை நேரத்தைக் குறைக்காதீர்கள். சமைக்கிறவர்கள் உழவர் சந்தையில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கேட்டு வாங்குங்கள், புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் இருக்கும், பையில் போடும்போது கை பத்திரம்.

கும்பகோணத்திலிருந்து: சித்திரையில் வரலாமா?

வேண்டாம்மா. கோட்டைக் கல்லில் கால் வைக்க முடியாது. கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வாருங்கள்.