நினைவாற்றலைக் கூட்ட மூளைக்குள் கருவி பொருத்த நம் ஆட்கள் சம்மதிப்பார்களா?

நோய்க்கென்றால் சம்மதிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா மறதி நோயில் பெற்ற மகளையே பார்த்து, “நீர் ஆர் பிள்ளை?” என்று கேட்டார். அன்றைக்கு இப்படியொரு கருவி இருந்திருந்தால் அம்மா யோசிக்காமல் கையெழுத்து வைத்திருப்பார்.

2018இல் அமெரிக்காவில், வலிப்பு நோயாளிகளுக்கு ஏற்கெனவே பொருத்தியிருந்த மின்முனைகளால் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியைத் தூண்டினார்கள். நினைவுச் சோதனைகளில் ஏறத்தாழ 35 சதவீத முன்னேற்றம் தெரிந்தது. சரி, ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. மண்டையோட்டைத் துளைத்தால் இரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்ற ஆபத்துகளும் உண்டு.

உயர்தரப் பரீட்சைக்காக விடியப்புறமே பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோர் நாளைக்கு இதையும் கேட்பார்களோ என்பதுதான் என் பயம். சுகமாக இருக்கிற பிள்ளையின் தலையில் கை வைக்க நான் விடமாட்டேன்.