Re: தாத்தாவின் ஏட்டுச்சுவடி, தேவநாகரி தெரிந்தும் படிக்க முடியவில்லை

திருமங்கலத்து நண்பருக்கு, இரண்டு வருடம் சமஸ்கிருதம் படித்தும் தாத்தாவின் ஓலையில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மொழி பிரச்சினை இல்லைங்க, எழுத்துதான். நம் பக்கத்துச் சமஸ்கிருத ஏடுகள் பெரும்பாலும் கிரந்தம் என்கிற எழுத்தில்தான் இருக்கும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கொடுத்த வேள்விக்குடிச் செப்பேட்டிலேயே வடமொழிப் பகுதி கிரந்தம், தமிழ்ப் பகுதி வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து.

தமிழ் தெரிந்தவருக்கு கிரந்தம் பாதி தெரிந்த மாதிரிதான், ண, த, ய, வ எல்லாம் கிட்டத்தட்ட நம் எழுத்தேதான், ஜ, ஷ, ஸ, ஹ அங்கிருந்து வந்தவை, அதனால் ஒரு அட்டவணையை வைத்து உங்களுக்கு மனப்பாடமான சுலோகத்தைத் தினமும் கிரந்தத்தில் எழுதிப் பாருங்கள். மெய்கள் சேர்ந்து ஒரே வடிவமாகிற கூட்டெழுத்து மட்டும் கொஞ்சம் படுத்தும். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, சந்தி பிரித்துப் பழகிய உங்களுக்கு அது கைகொடுக்கும்.

முதலில் கடைசி ஏட்டைப் பாருங்கள், எழுதியவர் பெயரும் பிரபவ, விபவ என்கிற மாதிரி வருடப் பெயரும் பல சுவடிகளில் அங்கேதான் இருக்கும். அப்புறம், தயவுசெய்து தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்துப் படம் எடுத்தால் மை போன கீறல்கூடத் தெரியும். முதல் ஏட்டின் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.