குதிரை முட்டை என்ன விலை?

வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறுவர் புத்தகங்களைப் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவை சிரிப்புக் கதைப் புத்தகங்கள். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு இப்படி வருவது வழக்கம்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், திட்டுகளை எடுத்துவிட்டேன்.

இணையத்தில் ‘100 சிரிப்புக் கதைகள்’ என்ற புத்தகத்தை 299 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம். வந்தது உள்ளங்கை அளவில், 48 பக்கம். “புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்கிறார் விற்பவர். — திண்டுக்கல் வாசகி

48 பக்கத்தில் 100 கதை என்றால் பக்கத்துக்கு இரண்டு. துணுக்குகளுக்குக் கதை என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். உங்கள் கோபம் நியாயமானது.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே படத்தை மாற்றிவிடுவார்கள். வந்த புத்தகத்தைப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு வைத்துப் படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இதில் ஒரு ‘ஆனால்’ உண்டு. அளவு, பக்க எண்ணிக்கை இரண்டையும் கீழே பொடி எழுத்தில் சரியாகவே போட்டிருந்து, நீங்கள் அதுவரை போகாமல் பணம் கட்டியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். அட்டையை மட்டும் பார்த்து வாங்குவதில் நானும் பழம் தின்று கொட்டை போட்டவன்தான். மூக்குக் கண்ணாடி போட்ட யானை ஒன்று அட்டையில் இருக்கிறதே என்று ஒரு புத்தகம் வாங்கிப் போனேன். உள்ளே எந்தக் கதையிலும் யானை இல்லை. அக்கா மகள் கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டு, “மாமா, யானை எந்த புக்ல இருக்கு?” என்று கேட்டாள்.

‘வயிறு குலுங்கச் சிரிக்க’ என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். என் மகன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? — ஓசூர் வாசகர்

போகலாம். அங்கே உள்ளவர்களாவது சிரிப்பார்கள்.

புத்தகக் காட்சியில் ‘10 புத்தகம் 500 ரூபாய்’ கட்டு ஒன்று வாங்கினேன். தெனாலிராமன், விகடகவி, ராயர் அவைக் கோமாளி, சிரிப்பூட்டும் அரண்மனைக் கதைகள் என்று விதவிதமான தலைப்புகள். வீட்டில் பிரித்தால் பாலைக் கண்டு ஓடும் பூனை நான்கு புத்தகத்தில் இருக்கிறது. இது மோசடி இல்லையா? — விழுப்புரம் வாசகர்

ஐயா, விகடகவி என்பதே தெனாலிராமனின் பட்டப்பெயர். ராயர் என்றால் கிருஷ்ணதேவராயர். தலைப்பைப் படித்த அளவிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னீர்களா? பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

மோசடி என்று சொல்லவும் வழியில்லை. நாட்டுப்புறக் கதைகளுக்கு உரிமையாளர் கிடையாது. எழுதியவர் பெயர் தெரிந்த கதைகளுக்கும், அவர் இறந்து 60 ஆண்டு கழித்துக் காப்புரிமை போய்விடும். பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பரமார்த்த குருவும் அப்படித்தான் ஊருக்குப் பொதுவானார். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது, 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் ஏதாவது ஒரு பதிப்பு கிடைக்கும். அதில் குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குவார்கள். வழியில் அது கீழே விழுந்து உடைய, புதரிலிருந்து முயல் ஒன்று ஓட, குதிரைக் குட்டி தப்பிவிட்டதே என்று பின்னாலேயே துரத்துவார்கள். இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பொதுச் சொத்து என்பதால் எல்லாப் பதிப்பும் ஒன்றாகிவிடாது. அட்டையைத் திருப்பி, உள்ளே இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். கதையைத் திரும்ப எழுதியவர் பெயர், ஓவியர் பெயர், பதிப்பு ஆண்டு, பதிப்பகத்தின் முகவரி எல்லாம் இருந்தால் யாரோ பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று பொருள். ‘தொகுப்பு: ஆசிரியர் குழு’ என்று மட்டும் இருந்தால், குழுவில் ஒருவர்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மகளுக்கு 6 வயது. புத்தகத்தில் 8+ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? — கரூர் வாசகி

வாங்கலாம். அந்த எண் பதிப்பாளரின் ஊகம், எந்த அரசுத் துறையும் சோதித்துப் போடுவதில்லை. நீங்கள் படித்துக் காட்டினால் 6 வயதுக்கு அது போதும்.

‘முழுக்க முழுக்க நகைச்சுவை’ என்று விளம்பரம் செய்த சிறுவர் கதைத் தொகுப்பு வாங்கினேன். 20 கதை. ஒவ்வொன்றின் முடிவிலும் கட்டம் கட்டி ‘நீதி’, அதன் கீழே மூன்று கேள்விகள். மகன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான். கேள்வியாகக் கேட்கத் தெரியவில்லை, எரிச்சலைச் சொல்கிறேன். — பாளையங்கோட்டை வாசகர்

கை கொடுங்கள். இந்தக் கடிதத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

போன மாதம் ஒரு கடையில் நின்றுகொண்டே ஒரு கதை படித்தேன். காக்கா ஒன்று ஆலமரத்தடியில் சலூன் வைக்கிறது. முதல் வாடிக்கையாளர் சிங்கம். “ஷார்ட்டா, மீடியமா?” என்று கேட்கிறது காக்கா. சிங்கத்துக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை யாரும் அதனிடம் கேள்வி கேட்டதே இல்லை. கெத்தை விடாமல், “உன் இஷ்டம்” என்கிறது. காக்கா தன் இஷ்டப்படி வெட்டித் தள்ளுகிறது. சிங்கம் வீட்டுக்குப் போனால் மனைவி கதவைத் திறக்காமல், “அவரு வெளியே போயிருக்காரு, அப்புறம் வாங்க” என்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரியில் கட்டம். ‘நீதி: தோற்றத்தைக் கண்டு பிறரை மதிப்பிடக் கூடாது.’ அதற்கும் கீழே, ‘சிங்கத்தின் மனைவி செய்தது சரியா? கலந்துரையாடுக.’

என்ன கலந்துரையாடுவது? சிங்கம் மொட்டையாக நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வந்து நிற்கிறது கட்டம். எழுதியவருக்கு அது தேவைப்பட்டிருக்காது என்று கதையின் கடைசி வரியைப் படித்தாலே தெரிகிறது. பிறகு யாரோ ஒட்டிவைத்தது.

ஏன் ஒட்டுகிறார்கள்? பதிப்பாளர்களைக் கேட்டால் நம் பக்கம் கை காட்டுகிறார்கள், அது பொய்யும் இல்லை. புத்தகக் காட்சியில் ஏதாவது ஒரு சிறுவர் அரங்குக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று கேளுங்கள். “இதுல என்ன மாரல் இருக்கு?” “பசங்களுக்கு யூஸ் ஆகுமா?” “ஜெனரல் நாலெட்ஜ் எதுவும் வருதா?” இப்படித்தான் கேட்கிறார்கள். குழந்தை ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும். அப்பா அதைப் பிடுங்கி அடுக்கில் வைத்துவிட்டு, ‘நற்பண்பு வளர்க்கும்’ என்று போட்ட இன்னொன்றை எடுப்பார். விற்பவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? அடுத்த பதிப்பில் கட்டம் வந்துவிடும். இந்த அப்பாவே தனக்குச் சினிமா டிக்கெட் வாங்கும்போது எந்தக் கவுன்ட்டரிலும் நீதி கேட்டதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் ‘முழுக்க நகைச்சுவை’ என்று சொல்லிவிட்டுப் பயிற்சி நூல் விற்றிருக்கிறார்கள். பணம் திரும்ப வருவது கடினம், ஆனாலும் பதிப்பகத்துக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். நீதி கேட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர், வேண்டாம் என்று எழுதுபவர் அபூர்வம். வீட்டில் அந்தக் கட்டங்களின் மேல் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டிவிடலாம். நான் ஒட்டியிருக்கிறேன்.

அமெரிக்கச் சிறுவர் நகைச்சுவைத் தொடர் ஒன்றின் 12 புத்தகங்கள் நடைபாதையில் 600 ரூபாய்க்குக் கிடைத்தன. படங்கள் கறுப்பாக அப்பியிருக்கின்றன, சில பக்கங்களில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. திருட்டுப் பதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது? — சென்னை வாசகர்

கண்டுபிடித்துவிட்டீர்களே. புதுப் புத்தகம் 50 ரூபாய்க்கு வரும்போதே தெரிந்திருக்கும், தெரியாதது போல இருந்திருக்கிறீர்கள். திருட்டுப் பதிப்பு அச்சிட்டு விற்பது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விற்றவரிடம் பில் இருக்காது, நாளை அதே இடத்தில் அவரும் இருக்க மாட்டார். படத்திலேயே பாதி நகைச்சுவையை வைத்திருக்கும் புத்தகத்தில் படம் கறுத்துப்போனால் மிச்சம் என்ன இருக்கிறது? உங்களுக்கு அனுதாபம் இல்லை. பிள்ளைக்கு உண்டு.

புதிதாக வாங்கிய கதைப் புத்தகத்தில் 32ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 17 வருகிறது. கதையில் திருடன் கிணற்றில் குதித்தான், அடுத்த பக்கத்தில் அவனுக்குக் கல்யாணப் பேச்சு. கடைக்காரர் பில் இல்லாமல் மாற்ற முடியாது என்கிறார். பில்லே அவர் தரவில்லை. — ஈரோடு வாசகி

பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த 16 பக்கக் கட்டு, இரண்டு முறை விழுந்து, வர வேண்டியது விடுபட்டிருக்கிறது. அச்சகத்தில் நடக்கிற சாதாரணப் பிழைதான், பெரும்பாலான பதிப்பகங்கள் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிடும். கடைக்காரரை விட்டுவிட்டுப் பதிப்பகத்துக்கு அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

கடைக்காரரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு சாட்சி.

பள்ளியில் ‘ஹேப்பி ரீடிங்’ கதைப் புத்தகத் தொகுப்பைக் கட்டாயம் வாங்கச் சொன்னார்கள். 1,500 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. சரியா? — மதுரை வாசகி

சரியில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கதைப் புத்தகம், சிறுவர் படப் புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகம் எதற்குமே இல்லை. பொம்மை, பை என்று வேறு பொருள்களையும் கலந்து ஒரே விலைக்கு விற்றால் வரி வரலாம். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் புத்தகம்தான் என்றால் 270 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். பில்லே இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

‘மாதம் ஒரு சிரிப்புப் புத்தகம்’ என்று ஆண்டுச் சந்தா 3,000 ரூபாய் கட்டினேன். மூன்று மாதம் வந்தது. பிறகு போன் எடுப்பதில்லை. பேத்தி தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். தொகை சின்னதுதான், விட்டுவிடலாமா? — கும்பகோணம் வாசகர்

விடாதீர்கள். சின்னத் தொகையை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இவர்களுடைய தொழிலுக்கு முதலீடே.

முதலில் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுத்துமூலம் கேளுங்கள். வராத ஒன்பது மாதத்துக்கு 2,250 ரூபாய், இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பதில் இல்லை என்றால் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் பதியலாம். பிரச்சினை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பணம் கட்டிய ரசீது, சந்தா விளம்பரம், வந்த மூன்று புத்தகங்களின் உறைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அப்படி ஒரு நிறுவனமே இல்லை, எல்லாம் போலி என்று தெரிய வந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

அதுவரை பேத்தி சும்மா இருக்க வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து நீங்கள் படித்துக் காட்டுங்கள். வழக்கு எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

பழைய புத்தகக் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கிய சிறுவர் கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லை. கடையில் கேட்டால் சிரிக்கிறார். — திருச்சி வாசகர்

நானும்தான் சிரிக்கிறேன். பழைய புத்தகத்தைக் கடையிலேயே கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கும், அங்கே தேடிப் பாருங்கள். அங்கேயும் கடைசிப் பக்கம் இல்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.