இரும்புத்துகள் சூட்டுல மூளைக்கட்டி கரையுமா?

கேள்வி: எங்க அண்ணனுக்கு மூளையில க்ளையோபிளாஸ்டோமான்னு ஒரு புற்றுநோய்க் கட்டி. போன வருஷம் ஆபரேஷன் பண்ணோம், இப்ப திரும்ப வந்திருச்சு, மறுபடி ரேடியேஷன் வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஜெர்மனில காந்தத்தால சூடேத்தி கட்டிய கரைக்கிறாங்கன்னு வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துச்சு. ரேடியேஷன தள்ளிப்போட்டு அதுக்கு காத்திருக்கலாமா சார்?

பதில்: வேண்டாம்மா, தள்ளிப்போடாதீங்க. வீடியோ பொய்யில்ல, ஆனா பாதிதான் சொல்லிருக்கு.

நடக்கறது என்னன்னா, 12 நானோமீட்டர் அளவுல இருக்கற இரும்பு ஆக்ஸைடு துகள தண்ணில கலந்து மண்டையோட்டுல சின்ன துளை போட்டு நேரா கட்டிக்குள்ளயே ஊசியில ஏத்திடுவாங்க, அப்புறம் செகண்டுக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறற காந்தப்புலத்துல தலைய வைப்பாங்க. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி காந்தம், புலம் மாற மாற அதுவும் மாறணும், அந்த இழுபறியிலதான் சூடு வருது. இண்டக்ஷன் அடுப்புல பாத்திரம் சுடும், பக்கத்துல இருக்கற கை சுடாது பாருங்க, கிட்டத்தட்ட அப்படித்தான். 43 டிகிரிய தாண்டினா கட்டியோட செல் தளர ஆரம்பிக்கும், ரேடியேஷனும் அதுமேல நல்லா வேலை செய்யும்.

இங்கதான் கவனிக்கணும். பெர்லின்ல மேக்போர்ஸ் கம்பெனியோட துகள வச்சு கட்டி திரும்ப வந்த 59 பேருக்கு பண்ணாங்க, 2011ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு மணி நேரம் வீதம் 6 தடவை சூடு குடுத்தாங்க, ஆனா கூடவே ரேடியேஷனும் குடுத்தாங்க. அவங்களே அத விடல! திரும்ப வந்தது தெரிஞ்ச நாள்லருந்து பாதிப்பேர் 13 மாசம் தாண்டி உயிரோட இருந்தாங்க. நம்பிக்கை தர்ற விஷயம்தான், ஆனா சூடு குடுக்காத இன்னொரு குரூப்ப பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பாக்கல, அதனால எவ்வளவு பலன் சூட்டால வந்துச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது.

வீடியோல வராத இன்னொண்ணு, தலைப்பக்கம் உலோகமே இருக்கக்கூடாது, பல்லுல அடைச்ச உலோக ஃபில்லிங்க கூட எடுத்துடுவாங்க, பேஸ்மேக்கர் இருந்தா கிடையவே கிடையாது. துகள் உள்ளயே தங்கிடறதால அப்புறம் அந்த இடத்த எம்ஆர்ஐல ஒழுங்கா பாக்கவும் முடியாது, கட்டி வளருதான்னு கண்காணிக்கறதே கஷ்டம், எனக்கு பெரிய கவலை இதுதான். அந்த கம்பெனியும் 2022ல திவாலாயிடுச்சு.

ரேடியேஷன் தேதிய வாங்கிடுங்க. அண்ணனோட பழைய எம்ஆர்ஐ படம், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப்போய், இன்னொரு ஆபரேஷனுக்கு வழியிருக்கா, புது சிகிச்சைய நோயாளிங்ககிட்ட சோதிச்சு பாக்கற ட்ரையல் இவருக்கு பொருந்தற மாதிரி எதாவது நடக்குதான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்கம்மா.