வகுப்பறையில் நிறத்தைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: பல இனத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பின் ஆசிரியை நான். ஒரு மாணவன் இன்னொருவனின் தோல் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான். கண்டித்ததோடு விட்டுவிடுவதா, வகுப்பில் வெளிப்படையாகப் பேசுவதா? பேசினால் பகை வளராதா?

பதில்: பேசத்தான் வேண்டும். பெரியவர்கள் வாய் திறக்காவிட்டால் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் தெரியவராது என்று நம்புவது வீண். 1940-களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர், நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 'உன்னைப் போல இருப்பது எது?' என்று அடுத்துக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதே விட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து இனவெறியைப் பாடமாகச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சுற்றியிருந்த உலகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் சம்பவம் நடந்த சூட்டோடு சூடாக, கேலிக்கு ஆளான பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். முதலில் அவனைத் தனியே அழைத்து, மனம் எப்படியிருக்கிறது, வகுப்பில் இதைப் பற்றிப் பேசுவதில் அவனுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் இல்லையென்றால் அவனையும் அந்தச் சம்பவத்தையும் குறிப்பிடாமல் பொதுவாகப் பேசுங்கள். எக்காரணம் கொண்டும், 'உங்கள் இனத்தவர் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?' என்று அவனிடம் கேட்டுவிடாதீர்கள். ஒரு சிறுவனைத் தன் இனம் முழுமைக்கும் பதில் சொல்ல வைப்பது, அவன் பட்ட கேலியைவிடப் பெரிய பாரம்.

கேலி செய்தவனையும் கூண்டில் ஏற்ற வேண்டாம். அந்தச் சொல்லை எங்கே கேட்டான் என்று தனியாக விசாரித்தால், பெரும்பாலும் வீட்டிலோ கைப்பேசியிலோ கேட்டதாகத்தான் இருக்கும்.

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அந்நாட்டின் அயோவா மாநில ஆசிரியை ஜேன் எலியட், பாகுபாட்டின் வலியை உணர்த்துவதற்காகத் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து உயர்ந்தவர், தாழ்ந்தவர் எனப் பிரித்து நடத்தினார். புகழ்பெற்ற பாடம்தான் என்றாலும், ஏற்கெனவே புண்பட்ட பிள்ளை இருக்கும் வகுப்பில் அதைச் செய்து பார்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

பகை வளருமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. பேச்சைத் தொடங்கும் முன்பே, குறுக்கே பேசக் கூடாது, கருத்தை மறுக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது என்ற விதிகளைப் பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் பேச்சை நிறுத்தி, எல்லோரையும் ஐந்து நிமிடம் மௌனமாக எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தொடருங்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.