உங்கள் வகுப்பு நான்கு வயதுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனீர்கள், பார்த்தது எதுவும் அவர்களுக்கு நினைவில் இல்லையா?

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். சந்தை, தபால் நிலையம், தெப்பக்குளம் மூன்றையும் ஒரே காலையில் காட்டிவிட்டு "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் விழிக்கத்தான் செய்வார்கள். நீங்கள் விளக்கினீர்கள், அவர்கள் கைக்கு வேலை இல்லை. காரணம் அநேகமாக அதுதான்.

அடுத்த முறை தபால் நிலையம் மட்டும் போய்ப் பாருங்கள். ஆளுக்கோர் அஞ்சலட்டையில் படம் வரைந்து, தங்கள் வீட்டு முகவரிக்கே பெட்டியில் போடட்டும். முகவரியை நீங்கள் எழுதுங்கள். மயிலாப்பூர் என்றால் பின்கோடு 600004. அட்டை வந்த அன்று பிள்ளை என்ன சொன்னது என்று பெற்றோரிடம் விசாரியுங்கள். (என் வகுப்புச் சிறுமி ஒருத்தி தபால்காரரை விடவே இல்லை.)

எல்லா அட்டைகளும் ஒரே நாளில் வராது. அட்டை வராத பிள்ளை அழும், முன்பே சொல்லிவையுங்கள்.