ஹெலிகாப்டர் நிறுவனத்தோடு ஆய்வுக் கூட்டு: கையெழுத்துக்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜெர்மனியில் கார்பன் இழைப் பாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் தொடங்கவிருக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர எங்களை அழைத்திருக்கிறார்கள். பெரிய ஹெலிகாப்டர் தயாரிப்பாளர் ஒருவரும் அதில் இருக்கிறார். பணத்தைப் பிரஸ்ஸல்ஸ் தருகிறது என்றால் அந்த நிறுவனத்துக்கு இதில் என்ன வேலை? நாங்கள் கூட்டாளியா, உதிரிபாகம் கொடுக்கும் ஆளா? எங்கள் வடிவமைப்பு யாருக்குச் சொந்தம்?

பதில்: காகிதத்தில் நீங்கள் சமமான கூட்டாளிதான். ஹெலிகாப்டரை ஒன்றுசேர்க்கும் ஹேங்கருக்குள் நுழைந்தால் தயாரிப்பாளர் சொல்வதே சட்டம். இதில் அநியாயம் எதுவும் இல்லை. ரோட்டர் இறக்கையின் வடிவத்தைப் பல்கலைக்கழகம் கணக்கிட்டுத் தரலாம். நீங்கள் அதைச் செய்து கொடுக்கலாம். ஆனால் உள்ளே விமானிகள் உட்கார்ந்திருக்கும் ஓர் இயந்திரத்தில் அதைப் பூட்டி, மேலே அனுப்பி, ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர் ஒருவரே.

ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் செய்த ரேசர் என்ற சோதனை ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கிளீன் ஸ்கை 2' என்ற ஐரோப்பிய கூட்டுத் திட்டத்தில் உருவானது அது. மேலே வழக்கமான ரோட்டர். இருபுறமும் மேல், கீழ் இரண்டு இறக்கைகள் நுனியில் சேர்ந்து பெட்டிபோல நிற்கும். அந்த நுனிகளில் பின்னோக்கிய புரொப்பெல்லர்கள். வால் ரோட்டர் கிடையாது. எஞ்சின்கள் பிரான்ஸின் சாஃப்ரானிடமிருந்து, புரொப்பெல்லர்களைச் சுழற்றும் பக்கவாட்டு கியர் பாக்ஸ்கள் இத்தாலியின் ஆவியோ ஏரோவிடமிருந்து, உடற்பகுதி ருமேனியாவிலிருந்து. இப்படி 13 நாடுகளில் சுமார் 40 பங்காளிகள். இவர்கள் செய்தது எல்லாம் தென் பிரான்ஸின் மரின்யானில் ஒன்றுசேர வேண்டும். எந்தப் போல்ட் எங்கே வரும், எவ்வளவு விசை தாங்க வேண்டும், எடை எத்தனை கிராம் கூடலாம் என்று வகுத்துக் கொடுப்பதுதான் தயாரிப்பாளரின் முதல் வேலை. இணைப்பு விவரங்களைச் சொல்லும் அந்த ஆவணம் மாறினால், நீங்கள் ஏற்கெனவே செதுக்கி வைத்த அச்சு பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

காலம் இன்னொரு தலைவலி. 2017 பாரிஸ் விமானக் கண்காட்சியில் ரேசரை அறிமுகப்படுத்தியபோது முதல் பறப்பு 2020இல் என்றார்கள். பறந்தது 2024 ஏப்ரல் 25. பறக்கத் தொடங்கிய இரண்டே மாதங்களில், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் என்ற இலக்கைத் தாண்டிவிட்டது. பொறியியலாகப் பார்த்தால் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் நான்கு ஆண்டுத் தாமதத்தைப் பெரிய நிறுவனம் தாங்கும். உங்களைப் போன்றவர்கள் அந்த நான்கு ஆண்டும் அதே பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அழைப்பு, அதாவது திட்டங்களுக்கு விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு, எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். கிளீன் ஸ்கை போன்ற கூட்டு அமைப்புகளில் தலைமை நிறுவனமே தனக்கு வேண்டிய ஆய்வுத் தலைப்பை எழுதியது. அதன் மேலாளரே தேர்வான பங்காளியின் வேலையைக் கூட இருந்து பார்த்தார். அங்கே நீங்கள் பெயரளவில்தான் ஆய்வாளர். உண்மையில் அவர்களுடைய கால அட்டவணையில் ஒரு வரி. ஐரோப்பிய ஆணையம் தலைப்பு வெளியிடும், ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான 'ஹொரைசன்' என்பதன் சாதாரண அழைப்பில் தயாரிப்பாளரும் குழுவில் ஓர் உறுப்பினர்தான். பேரம் பேச உங்களுக்கு இடம் அதிகம்.

பணத்தைப் பொறுத்தவரை, 'ஆய்வும் புத்தாக்கமும்' என்ற வகையில் ஏற்கப்படும் செலவு முழுவதும் கிடைக்கும். 'புத்தாக்கம்' என்ற வகையில் லாப நோக்கு நிறுவனத்துக்கு 70 சதவீதம்தான். பறக்கவிட்டுக் காட்டும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில் வரும். மறைமுகச் செலவுக்கென்று நேரடிச் செலவில் 25 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுவார்கள். சிறிய நிறுவனங்கள் பாகத்தைச் செய்யும் செலவைத் துல்லியமாகப் போட்டுவிட்டு, அதன் பாதுகாப்பை நிரூபிக்கும் செலவை விட்டுவிடுகின்றன. பறப்பு அனுமதி வாங்க மூலப்பொருளின் சான்று, விசைச் சோதனை முடிவுகள், ஒவ்வொரு விலகலுக்கும் விளக்கம் என்று தயாரிப்பாளர் உங்களிடம் கட்டுக்கட்டாகக் கேட்பார். பாகத்தைச் செய்வதைவிட அந்தக் காகிதங்களுக்கு அதிக நாள் பிடித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

வடிவமைப்பின் உரிமைக்கு வருவோம். பொது விதி உங்கள் பக்கம்தான்: ஒரு முடிவை உருவாக்கியவருக்கே அது சொந்தம். பிரித்துச் சொல்ல முடியாதபடி இருவர் சேர்ந்து உருவாக்கினால் கூட்டுரிமை. திட்ட வேலைக்குத் தேவையானால் மற்றவர்களுக்கு இலவசமாகப் பயன்படுத்தக் கொடுக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு நியாயமான நிபந்தனை விதிக்கலாம். சிக்கல், நீங்கள் கொண்டுவரும் பழைய அறிவில் இருக்கிறது. ரேசருக்கு முன்பே அந்த நிறுவனம், யூரோகாப்டர் என்ற பழைய பெயரில், எக்ஸ்3 என்ற சோதனை ஹெலிகாப்டரை 2010இல் பறக்கவிட்டு, 2013இல் மணிக்கு 472 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. தன்னுடைய முன்னறிவு, அதாவது திட்டத்துக்கு முன்பே தன்னிடம் இருந்த அறிவு, எது என்று அதற்கு நன்றாகத் தெரியும். பட்டியலிட வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிசின் கலவை, அடுக்கும் முறை, வெப்பச் சுழற்சி ஆகியவற்றைக் பங்காளிகள் தங்களுக்குள் போடும் கூட்டமைப்பு ஒப்பந்தத்தின் முன்னறிவுப் பின்னிணைப்பில் இன்றே எழுதுங்கள். விட்டுப்போனால், திட்டத்தில் பிறந்தது எது, உங்களிடம் முன்பே இருந்தது எது என்று பின்னால் வாதாட வேண்டிவரும்.

திட்டம் முடிந்ததும் ஆர்டர் வரும் என்று உங்கள் முதலாளி கணக்குப் போட்டால் தடுத்துவிடுங்கள். ஒலியைக் குறைக்கும் வளைந்த ரோட்டர் இறக்கை பற்றி ஜெர்மனியின் டி.எல்.ஆர், பிரான்ஸின் ஒனேரா என்ற விண்வெளி, விமான ஆய்வு மையங்கள் 1990களில் ஆய்வு செய்தன. 'ப்ளூ எட்ஜ்' என்ற பெயரில் அது ஏர்பஸ்ஸின் எச்160 ஹெலிகாப்டரில் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்றது இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து, 2020இல்.

இவ்வளவுக்குப் பிறகும் சேரலாம் என்றே சொல்வேன். பறப்புத் தரத்தில் ஒரு பாகத்தை நிரூபித்த அனுபவத்தைச் சிறிய நிறுவனம் விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் இணைப்பு ஆவணத்தின் தற்போதைய பதிப்பைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அது இன்னும் வரைவு நிலையில் இருந்தால், இறுதிப் பதிப்பு கைக்கு வந்த நாளிலிருந்தே உங்கள் ஒப்படைப்புக் கெடு தொடங்கும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.